பொத்துவிலில் இருக்கும் கவிஞர்

— உரக்கடைக்கு ஒரு எதுகை சொல்லு, சுபைறா.

— நான் அரிசி புடைக்கிறன்.

— புடைச்சிக்கிட்டே சொல்லலாம். மாப்புள இஹ்ஸான், நிந்தவூர், உரக்கட வெச்சிரிக்கார். பொண்ணு ஜெஸீலா. ரெண்டு பக்கத்து வாப்பா உம்மாட பேரும் வரணுமாம். உரக்கடயும் வரணுமாம்.

— கலியாண வாழ்த்துக்குள்ள உரக்கட என்னத்துக்கு?

— மாப்புளட வாப்பாட ஆச. மண்டபத்துல வாழ்த்துமடல வாசிக்கக்குள்ள சனம் முழுக்கக் கேக்கும். பொறகு பிரேம் போட்டு ஊட்டுல தொங்கும். கடைக்கு வெளம்பரம்.

— மரக்கட எண்டு போடுங்க. உரக்கடைக்குப் பொருந்தும்.

— அவர் உரம் விக்கிறார் புள்ள, பலக விக்கல்ல. சரி, இதக் கேளு. 'வேரடியில் உரமிட்டு விளைவிக்கும் இஹ்ஸானே, ஊரறிய மணமுடிக்கும் உத்தமனே வாழியவே.' எப்பிடி?

— நல்லாரிக்கி.

— நல்லாரிக்கியா? எனக்கு வாந்தி வருது.

— வாந்திய வெளிய போய் எடுங்க. வாழ்த்த முடிச்சிட்டுப் போங்க. பிரேம் கட பக்கீர் முகைதீன் காக்கா பொழுது பட்டு, மஃரிபு தொழுதிட்டு வந்து கேப்பார். அச்சடிச்சி, பிரேம் போட்டு, நாளைக்கி அவர் குடுக்கணும்.

— இத நான் எழுதல்ல. இப்னு ஸகியா எழுதுறார். நான் அவருக்குப் பேன புடிக்கிறன், அவ்வளவுதான்.

— ஓம். அவர் பொத்துவில்லதான் இரிக்கார்.

— பொத்துவில்லதான் இரிக்கார்.

— நேத்து பொத்துவில்ல இருந்து வந்து இஞ்ச ரெண்டு தரம் சோறு திண்டார்.

— சுபைறா.

— கொற சொல்லல்ல. மீன் வாங்குற அவர். ஸம்றாக்குச் சப்பாத்து வாங்கின அவர். கூரைக்கு ஓடு போட்ட அவர். சொந்தப் பேருல எழுதுற கவிஞர் ஹஸன் இந்த ஊட்டுக்கு என்ன வாங்கினவர்?

— கவிஞர் ஹஸன் தொண்டர் ஆசிரியர். நியமனம் வந்தாச் சம்பளம் வரும்.

— ஸம்றா வயித்துல இரிக்கக்குள்ளயும் வரும் எண்டுதான் சொன்னீங்க. அவக்கு இப்ப நீங்களே அஞ்சாம் வகுப்புல படிப்பிக்கிறீங்க.

— அது அரசாங்கத்துட பிழ. கவிஞர் ஹஸன் சும்மா இரிக்கல்லியே. ஒரு பத்திரிக நடத்துறார். கரைமணல்.

— ஓம். நீங்களே எழுதி, ரோணியோ மெசின்ல நீங்களே உருட்டி, நீங்களே தச்சி, நீங்களே வாசிக்கிற பத்திரிக.

— வேற ஆக்களும் வாசிக்காங்க.

— ஆரு?

— கொழும்புல ஒரு ஆள். ஒரு இதழும் விடாம எடுக்கிறார். முந்தி யாழ்ப்பாணத்துல ஒரு ஆள் இருந்தார். இப்ப அங்க போக றோட்டு இல்ல.

— இந்த ஊருல?

— இந்த ஊருல நான் இரிக்கன்.

— எனக்கு உங்கட கவித விளங்குறல்ல. அவர்ர விளங்குது. நான் என்ன செய்யிற?

— விளங்காட்டியும் பரவால்ல. ஒரு தரம் பக்கீர் காக்கா என்ட கவிதையையே ஒரு கலியாணத்துக்குக் குடுத்துப் பாத்தவர். பொண்ணுட வாப்பா கடதாசியத் திருப்பிப் பாத்திட்டு, மிச்சம் எங்க எண்டு கேட்டிரிக்கார். 'அந்த ஹஸன் மாஸ்டர் வேணா, அவர் கலியாணத்தையும் மையத்து கிடக்கிற ஊடு மாதிரி எழுதுவார்' எண்டு சொன்னவராம். அண்டைக்கித்தான் இப்னு ஸகியா பொறந்தார்.

— பொறந்த அண்டே மீனோடதான் வந்தார்.

— இஞ்ச பாரு. கரைமணல்ல வந்த கவிதையெல்லாம் அலுமாரிக்குள்ள கட்டி வெச்சிரிக்கன். அது ஒரு நாளைக்கிப் புத்தகமா வரணும். அட்டையில ஹஸன் எண்டு ஒரு பேர். எனக்கு அது ஒண்டுதான் வேணும். அதனாலதான் அந்தப் பேர உரக்கடைக்கு விக்கல்ல. வயித்துக்கு எழுத ஒரு பேர். மனசுக்கு எழுத ஒரு பேர். ரெண்டும் கலக்கப்படாது.

— பேர மறைக்கிறன் எண்டு போட்டு உம்மாட பேரையே வெச்சிரிக்கீங்க. ஸகியாட மகன்.

— உம்மாட பேர் ஸகியா எண்டு இந்த ஊருல ஆருக்குத் தெரியும்? கலியாணத்துக்கு முந்தி காதர்ர மகள். பொறகு ஹஸன்ட உம்மா. அவவுக்கே மறந்து போயிரிக்கும்.

— எனக்கும் அப்பிடித்தான். ஸம்றாட உம்மா.

— அதான். அத விடப் பாதுகாப்பான பேர் இல்ல. பொத்துவில் எண்டது பக்கீர் காக்காட யோசன. ஆரும் அவரப் பாக்கணும் எண்டா, ஆமிச் சென்றியில மறிக்கான், றோட்டு சரியில்ல எண்டு சொல்லலாம். சனமும் தூரத்துல இருந்து வாறதத்தான் மதிக்கும். காலையில கோழிக்கூடு தொறக்கிறதப் பாத்த கவிஞன்ட வாழ்த்த ஆரு பிரேம் போடுவான்?

— ஹஸன் மாஸ்டர். அஸ்ஸலாமு அலைக்கும்.

— ஆரு கடப்படியில?

— மஜீட் ஹாஜியார். அரிசி மில்லுக்காரர். கெதியாக் கடதாசிய ஒளிங்க.

— எங்க?

— சுளகுக்குக் கீழ வைங்க. நான் உள்ளுக்குப் போறன்.

— வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க ஹாஜியார். அந்தக் கதிரைக்குக் கால் ஆட்டம், இதுல இரிங்க.

— இரிக்கன். சொகமா மாஸ்டர்? நியமனம் வந்திட்டா?

— வருது.

— வரட்டும். தங்கச்சி சொகமா?

— அல்ஹம்துலில்லாஹ். தேத்தண்ணி போடுறன் ஹாஜியார். சீனி போடலாமா?

— போடுங்க தங்கச்சி. டொக்டர் வேணா எண்டவர். அது வேற கத. மாஸ்டர், சுளகுக்குக் கீழ ஒரு கடதாசி பறக்குது.

— அது மகள்ட கணக்கு.

— கணக்குல உரக்கட எண்டு தெரியுது.

— இப்பத்தக் கணக்கு அப்பிடித்தான் ஹாஜியார். உரக்கடைக்காரன் வாங்கினான், வித்தான் எண்டு.

— நல்ல படிப்பு. சரி, கதைய நீட்டல்ல. நம்மட கலை வட்டத்தால பெருநாளைக்கிப் பொறகு ஒரு விழா. எனக்கு இலக்கியம் தெரியா, மில்லு இரிக்கிறதால தலைவராக்கி வெச்சிரிக்காங்க. அது வேற கத. ஒரு கவிஞருக்குப் பொன்னாட போத்துறம்.

— நல்ல விசயம். ஆருக்கு?

— இப்னு ஸகியாக்கு.

— ஆருக்கு?

— இப்னு ஸகியா. பொத்துவில்ல இரிக்காராமே. என்ன, உள்ளுக்கு என்னமோ விழுந்திட்டு?

— ஒண்டுமில்ல ஹாஜியார், சீனிப் போத்தல்.

— அவர் வர மாட்டார் ஹாஜியார்.

— உங்களுக்கு அவரத் தெரியுமா?

— பழக்கமில்ல. கூச்ச சுபாவம் எண்டு கேள்வி.

— வராட்டிப் பொன்னாடய அனுப்பி வெப்பம். வாழ்த்துமடல் ஒண்டும் வாசிக்கணும். எல்லாருக்கும் அவர்தான் எழுதுற. அவருக்கு அவரே எழுதேலா. அதனால நீங்க எழுதணும்.

— நான் வாழ்த்துமடல் எழுதுறல்ல.

— தெரியும். அதனாலதான் ஊருல மிச்சம் நீங்க ஒரு ஆள் இரிக்கீங்க.

— எனக்கும் அவருக்கும் ஒத்து வராது ஹாஜியார். கொள்க வேற.

— அதுவும் தெரியும். கரைமணல்ல எழுதியிரிக்கீங்க. 'வாழ்த்துமடல் என்னும் வியாதி.'

— அத நீங்க வாசிச்சீங்களா?

— வறுத்த கடல வாங்கினன். சுருட்டித் தந்த கடதாசி அதுதான்.

— கரைமணல்லயா கடல சுருட்டுறாங்க?

— நல்ல கடதாசி மாஸ்டர். எண்ண ஊறல்ல. அதுல எழுதியிரிந்திச்சி, இப்னு ஸகியா அரிசி எண்டு சொல்லி உமிய விக்கிறார் எண்டு. உமிக்கும் வெல இரிக்கி. செங்கல் சூளைக்காரன் லொறியோட வந்து ஏத்திக்கிட்டுப் போறான். அது வேற கத.

— அது ஒரு உவமைக்கு எழுதினது.

— உவம எண்டா சரி. மாஸ்டர், போன வருசம் என்ட தம்பிட மகள் நதீராட கலியாணம். நீங்க வரல்ல.

— காச்சல்.

— வாழ்த்துமடல் இப்னு ஸகியாதான். மண்டபத்துல மௌலவி வாசிச்சார். மயில், குயில், தென்றல் எல்லாம் ஒண்டுக்குப் பொறகு ஒண்டு போகுது. சனம் சோத்துட மணத்தப் புடிச்சிக்கிட்டு இரிக்கி. கடைசியில ரெண்டு வரி வந்திச்சி. 'செருப்புகள் நிறையும் வாசலில், ஒரு சோடிக்கு இடம் விடுங்கள்.'

— ம்.

— தம்பி தொண்ணூறுல, சண்டக்குள்ள, இந்த றோட்டாலதான் போனவன். திரும்பி வரல்ல. மையத்தும் வரல்ல. உங்களுக்குத் தெரியாததா. அந்த வரியக் கேட்டதும் தம்பிட பொஞ்சாதி எழும்பினா. மண்டபத்து வாசலுக்குப் போய், கிடந்த செருப்பையெல்லாம் காலால ஒதுக்கி, ஒரு சோடிக்கு இடம் செஞ்சா. செஞ்சிட்டுத் திரும்பி வந்து இரிந்தா. அதுக்குப் பொறகுதான் மத்தவங்க அழுதாங்க. நானும்.

— ஓம் ஹாஜியார். கேள்விப்பட்டன்.

— அந்த ரெண்டு வரியத்தான் நீங்க 'மலிவான கண்ணீர்' எண்டு எழுதினீங்க.

— விமர்சனம் எண்டா அப்பிடி. ஆள் பாக்கேலா. இலக்கியரீதியாச் சொன்னா...

— இலக்கியரீதியா எனக்குத் தெரியா. அது எங்கட ஊட்டுக் கண்ணீர்.

— மன்னிச்சிக்கங்க.

— அதுக்கு வரல்ல நான். அந்த வரிக்குத்தான் பொன்னாட எண்டு முடிவெடுத்தம். இப்ப ஒரு சிக்கல். போன கிழம திரும்பவும் கடல வாங்கினன்.

— திரும்பவுமா?

— பழைய கரைமணல். தொண்ணூத்தொண்டு எண்டு போட்டிரிக்கி. இந்தாங்க. உங்கட கவித. கடைசி ரெண்டு வரிய வாசிங்க.

— கண்ணாடி உள்ளுக்கு இரிக்கி.

— மூக்குல இரிக்கி மாஸ்டர்.

— 'செருப்புகள் நிறைந்த வாசலில், ஒரு சோடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.'

— கலியாணத்துக்கு அஞ்சு வருசம் முந்தினது. அப்ப இப்னு ஸகியா உங்கட வரியக் களவெடுத்திரிக்கார்.

— களவு எண்டு சொல்லேலா.

— என்ட மில்லுல ஒருவன் ஆர்ரயோ சாக்குல கைய வெச்சா நான் என்ன எண்டு சொல்லுவன்? பொன்னாடய நிப்பாட்டுறன். விழாவ நிப்பாட்டுறல்ல. மேடையில ரெண்டையும் வாசிச்சிக் காட்டுவம். பக்கீர் முகைதீன்ட கடையில தொங்குற அவர்ர வாழ்த்தெல்லாம் இறக்க வெப்பன். இந்தக் கரையில இனி ஒரு கலியாணத்துக்கும் அந்தாள் எழுதப்படாது.

— ஒரு கலியாணத்துக்குமா?

— ஒண்டுக்கும். உங்களுக்கு நீதி கிடைக்கணும் மாஸ்டர்.

— எனக்கு நீதி அவ்வளவு அவசரமில்ல ஹாஜியார்.

— உங்கட மனசு பெரிசு. ஆனா வரிக்குச் சொந்தக்காரர் நீங்க. நீங்க என்ன சொல்லுறீங்களோ அதுதான் நடக்கும். யோசிங்க. அஸர் பாங்கு கேக்குது. கிணத்தடியில ஒழு எடுத்து, வராந்தாவுல தொழுதிட்டு வாறன். தங்கச்சி, தேத்தண்ணிய மூடி வைங்க.

— சுபைறா.

— கேட்டன்.

— மெல்லக் கத. இப்ப என்ன செய்யிற?

— நான்தான் அவர் எண்டு சொல்லுங்க. ஒரு வரி. எதுகையும் தேவல்ல.

— சொன்னா? என்னைய நானே வியாதி எண்டு எழுதி அச்சடிச்சிரிக்கன். ஊரு சிரிக்கும்.

— சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களுக்கும் கொமருப் புள்ளைகள் இரிக்கி. கலியாணத்துக்கு வாழ்த்து வேணும்.

— கவிஞர் ஹஸன் உரக்கடைக்கு எழுதுற ஆள் எண்டு ஆகிடும்.

— எழுதுறீங்கதானே?

— எழுதுறன். ஆருக்கும் தெரியாம எழுதுறன்.

— எனக்குத் தெரியும்.

— நீ வாசகர் இல்ல. பொஞ்சாதி.

— அந்த மட்டுக்கும் சந்தோசம். அந்த வரிய என்னத்துக்கு வாழ்த்துக்குள்ள வெச்சீங்க?

— பக்கீர் காக்கா வந்து நிக்கிறார். ரெண்டு வரி கொறயுது. மயிலும் முடிஞ்சி, குயிலும் முடிஞ்சி. வாப்பா இல்லாத புள்ளட கலியாணம் எண்டு நெனச்சன். கை தானா எழுதிட்டு. கவிதையில வெச்சி அஞ்சு வருசமா அத ஆரும் கண்டுக்கல்ல. அதுல கெடந்து சாகிறதுக்கு இதுல கெடக்கட்டும் எண்டு விட்டன்.

— அந்த வரி எங்கால வந்த?

— தொண்ணூறுல ஹாஜியார்ர தம்பிட ஊட்டுக்குப் போன. நீ வரல்ல, மூணு வயசு ஸம்றாவ வெச்சிக்கிட்டு ஊட்டுல நிண்ட. வாசல் நெறயச் செருப்பு, ஊரு முழுக்க அங்கதான். நடுவுல ஒரு சோடி அளவுக்கு வெறும் நெலம். அந்த மனிசி அதக் கூட்டி வெச்சிரிந்தா. எல்லாரும் தாண்டிப் போனாங்க. நான் நிண்டு பாத்தன்.

— அப்ப அது அவட வரி. எடுத்தத அவவுக்கே திருப்பிக் குடுத்திரிக்கீங்க. அதுக்குப் பொறகு மலிவு எண்டும் எழுதினீங்க.

— அந்த வரிய மட்டும் விட்டுட்டு மத்ததத் திட்டினா ஆக்கள் சந்தேகப்படுவாங்க எண்டு நெனச்சன்.

— எந்த ஆக்கள்? கொழும்புல இரிக்கிற ஒரு ஆளா?

— நீ இப்ப சண்ட புடிக்காத. அந்தாள் ரெண்டாவது றக்காத்துல நிக்கிறார். இப்னு ஸகியா கள்ளன் எண்டா நம்மட அடுப்பு அணைஞ்சிடும். நான் கள்ளன் எண்டா?

— என்ன?

— ஹஸன்தான் களவெடுத்தவன் எண்டு சொன்னா? இப்னு ஸகியாக்குப் பொன்னாட கிடைக்கும். கலியாணம் நடக்கும். மீன் வரும்.

— ஹஸனுக்கு என்ன வரும்?

— ஹஸன வாசிக்கிற ஆக்கள் ரெண்டு. அதுல ஒரு ஆளுக்கு றோட்டு இல்ல. நட்டம் கொறவு.

— உங்களுக்குப் பைத்தியமா? வாழ்த்து எழுதுறன் எண்டு சொல்ல வெக்கம். கள்ளன் எண்டு சொல்ல வெக்கமில்லியா?

— களவெடுத்தாலும் கவிஞன்தானே.

— யா அல்லாஹ்.

— இலக்கியத்துல அதுக்கு மரியாதையான ஒரு சொல்லும் இரிக்கி. தாக்கம் எண்டு சொல்லுவாங்க.

— அலுமாரிக்குள்ள இரிக்கிற புத்தகம்?

— வராத புத்தகம்தானே சுபைறா. வராத புத்தகத்துட அட்டையில கள்ளன்ட பேர் இரிந்தா என்ன.

— தொழுது முடிச்சி ஸலாம் குடுத்திட்டார். முகத்தத் தொடைங்க. இந்தக் கோப்பயக் கொண்டு போய்க் குடுங்க.

— என்ன மாஸ்டர், யோசிச்சீங்களா?

— யோசிச்சன். இந்தாங்க, தேத்தண்ணி. ஹாஜியார், உண்மையச் சொல்லணும்.

— அதத்தான் கேக்கன்.

— அவர் களவெடுக்கல்ல. நான்தான் எடுத்தன்.

— அஞ்சு வருசம் பிந்தி வந்த வாழ்த்துல இருந்து முந்தியே எப்பிடி எடுத்தீங்க?

— அவர் அத முந்தியே எழுதினவர். ஒரு நோட்டீசுல. நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறதுக்கு அடிச்ச நோட்டீசு.

— எந்த ஊருல?

— பொத்துவில்ல.

— பொத்துவிலுக்கு அந்த நேரம் றோட்டு இல்லியே.

— நோட்டீசு வந்திச்சி.

— எதால?

— கடல சுருட்டி.

— மாஸ்டர், இஞ்ச பாருங்க. நான் வயசாளி. மெல்லக் கேக்கன், மெல்லச் சொல்லுங்க. நீங்க வேற ஒண்டு சொன்னாலும் கேக்கத்தான் இரிக்கன். சிரிக்க மாட்டன்.

— ஸம்றாட வாப்பா, ஹாஜியார் கேக்கார்.

— நீ உள்ளுக்கு இரி. ஹாஜியார், வேற ஒண்டும் இல்ல. அந்த விமர்சனம் வயித்தெரிச்சல்ல எழுதினது. அவர் எழுதினதக் கேட்டுச் சனம் அழுகுது. நான் எழுதினத வாசிச்சிச் சனம் கடதாசியத் திருப்பிப் பாக்குது. மிச்சம் எங்க எண்டு தேடுது. அது ஒரு எரிச்சல்தானே. இது மட்டும் சத்தியமான உண்ம.

— அத நம்புறன். அப்ப அந்த ரெண்டு வரியும் இப்னு ஸகியாட.

— அவர்ரதான்.

— அத மேடையில சொல்லுவீங்களா?

— சொல்லுறன்.

— கரைமணல்லயும் எழுதுவீங்களா?

— எழுதுறன். மொதல் பக்கத்துல.

— அந்தக் கவிதையில மத்த வரிகள்?

— அதுகளும் அவர்ர தாக்கம்தான்.

— தாக்கம் எண்டா எனக்கு விளங்கல்ல. அவர்ரயா, உங்கடயா?

— அவர்ர எண்டே வைங்க.

— கரைமணல்ல வந்த மத்தக் கவிதைகள்? கடல் கவித, சென்றிக் கவித, அந்தப் பஸ் கவித?

— ஸம்றாட வாப்பா, போதும். நிப்பாட்டுங்க.

— எல்லாம் அவர்ரதான் ஹாஜியார். ஒரு வரி எடுத்தவன் ஒரு வரியோட நிக்க மாட்டான். மில்லுல நீங்க காணாததா.

— ஓம். கண்டிரிக்கன்.

— அவர ஒண்டும் செய்யாதீங்க. பொன்னாடய அவருக்கே போத்துங்க. வாழ்த்துமடலும் நானே எழுதித் தாறன்.

— அதுவும் எழுதுவீங்களா? வாழ்த்துமடல் எழுதுறல்ல எண்டீங்க.

— இது தண்டன எண்டு வைங்க.

— சரி மாஸ்டர். நான் வாறன். தங்கச்சி, தேத்தண்ணி நல்ல சாயம். போயிட்டு வாறன்.

— கோவமா ஹாஜியார்?

— கோவம் என்னத்துக்கு? எனக்கு ஒரு பதில் தேவப்பட்டிச்சி. கிடைச்சிட்டு. தம்பிட பேரால பள்ளிக்குக் கிணறு வெட்டினம். எனக்கு அது போதல்ல. ஒரு புத்தகம் அடிக்கணும் எண்டு ஆச. கரைமணல்ல வந்த கவிதையெல்லாம் கொழும்புக்கு அனுப்பி, உள்ளுக்குள்ள பக்கம் முழுக்க அடிச்சி முடிஞ்சி. அட்ட மட்டும் மிச்சம்.

— எந்தக் கவித?

— எல்லாம்.

— எல்லாம் உங்களுக்கு எங்கால? கடலச் சுருள்லயா?

— நான் கடல திங்கிறல்ல மாஸ்டர். பல்லு இல்ல. மொதல் இதழ்ல இருந்து மில்லு மேசைக்குள்ள வெச்சிரிக்கன். கொழும்புல ஒரு ஆள் விடாம எடுக்கிறார் எண்டு சொல்லுவீங்களே, அவன் என்ட மருமகன். எனக்கு வாங்கித்தான் அனுப்புவான். மில்லுக்காரன் கவித வாசிக்கான் எண்டா ஊரு சிரிக்கும், அதான்.

— ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க.

— அட்டையில எந்தப் பேரப் போடுற எண்டு ஸகியா மாமிட மகனுக்கிட்டக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தன் தம்பி, அவர் சொல்லிட்டார்.